தனித்தனியே பாடிய ஜோடி

வணக்கம் நேயர்களே. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் டூயட்டைக் கேட்டால், இருவரும் ஒரே மைக்கின் முன் நின்று முகம் பார்த்துப் பாடியதாகவே நமக்குத் தோன்றும். அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையில் அப்படித் தோன்ற வைப்பதில் யாரும் மிஞ்ச முடியாத ஜோடி மார்வின் கேயும் டாமி டெரலும். அவர்களின் முதல் வெற்றிப் பாட்டில் இருவரும் தனித்தனியேதான் பாடினார்கள். அது எப்படி நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி. வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் 2648ஆம் எண் வீடுதான் அன்று அதன் ஒலிப்பதிவுக்கூடம். மார்வின் அங்கே ஏற்கெனவே பேர் வாங்கியவர். 1964இல் பாடகி மேரி வெல்ஸோடு டூயட் பாடினார். அந்த அம்மாள் கம்பெனியை விட்டுப் போனார். அடுத்து கிம் வெஸ்டனோடு பாடினார்; 1967இல் அவரும் போய்விட்டார். மூன்றாவதாக வந்தவர் டாமி, பிலடெல்பியாக்காரர், 1945இல் பிறந்தவர்.

மார்வின்-டாமி ஜோடியின் முதல் வெற்றியான 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்' பாட்டை எழுதியவர்கள் நிக் ஆஷ்ஃபோர்டு, வேலரி சிம்ப்சன் என்ற இளம் ஜோடி. பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு கேட்டும் கொடுக்காமல், மோட்டவுனுக்கென்று பொத்தி வைத்திருந்த பாட்டு. தயாரிப்பாளர்கள் ஹார்வி ஃபுகுவாவும் ஜானி பிரிஸ்டலும் முதலில் டாமியைத் தனியாகப் பாட வைத்தார்கள். மார்வின் பிற்பாடு வந்து, அவர் குரலைக் கேட்டபடியே தன் பங்கைச் சேர்த்தார்.

இங்கேதான் சுருதிச் சிக்கல். நம் கச்சேரிகளில் சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வோம்; ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையில் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரையில். ஏறக்குறைய ஸ-விலிருந்து ப-வரைக்குமான தூரம். ஒரே மெட்டை இருவரும் பாட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே ஆக வேண்டும். ஆணுக்குத் தோதாக வைத்தால் பெண் கீழே முணுமுணுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கீச்சிட வேண்டும். பாட்டு நடுவில் சுருதி மாற்றுவது ஒரு வழி. பாட்டின் ஓட்டம் அறுந்துபோகும் ஆபத்து அதில் உண்டு. இன்னொரு வழி, பெண் தன் நடு ஸ்தாயியில் இயல்பாகப் பாட, ஆண் எட்டிப் பிடிப்பது. டாமி பாடி முடித்த ஒலிநாடாவில் சுருதியை மாற்ற வழியில்லை. நாடாவின் வேகத்தைக் கூட்டினால் சுருதியோடு தாளமும் ஏறிவிடும். ஆக, எட்ட வேண்டியவர் மார்வின்தான். அவருக்கு மென்மையான குரல், கரகரப்பான குரல், இயல்பைவிட மேலே மெலிதாக எழுப்பும் கள்ளக்குரல் மூன்றும் உண்டு. அந்த எட்டிப் பிடிக்கும் சிரமம்தான் கேட்பவருக்கு ஏக்கமாகக் கேட்கிறது. மறுபடி சொல்கிறேன், அந்த ஏக்கத்தில் பாதி சுருதியின் வேலை! மார்வின் தனியாகப் பாடிய 'கிரேப்வைன்' பாட்டுக்குத் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டும் வேண்டுமென்றே சுருதியை உயர்த்தி வைத்துத்தான் அவரைப் பாட வைத்தார்.

தனித்தனியே பதிவு செய்வதில் என்னென்ன கெடும்? ஹெட்போனில் சத்தம் அதிகமானால் பாடுபவர் சுருதி நழுவும். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டால் தன் குரல் நேராகக் கேட்கும், ஆனால் திறந்த பக்கத்து ஹெட்போனின் சத்தம் மைக்கில் ஏறிவிடும். எல்லாவற்றையும்விட மோசம், சேர்ந்து பாடும் வரியின் கடைசிச் சொல். ஒருவர் 'ஸ்' என்று முடிக்க, மற்றவர் ஒரு இமைப்பொழுது பிந்தினால் 'ஸ்ஸ்' என்று இரண்டு தடவை கேட்கும். அதனால் இரண்டாவதாகப் பாடுபவர் முதலாமவரின் மூச்சை மனப்பாடம் செய்ய வேண்டும். அந்தப் பாட்டை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். டாமியின் வரிகளுக்கு நடுவே மார்வின் 'டோன்ட் வொரி பேபி' என்று நுழைகிற இடம். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இவர் ஆறுதல் சொல்கிறார்.

1967இல் வெளிவந்த அந்தப் பாட்டு பில்போர்டு பத்திரிகையின் பாப் பட்டியலில் 19ஆம் இடம்; ரிதம் அண்ட் ப்ளூஸ், அதாவது ஆர் அண்ட் பி பட்டியலில் 3. அடுத்த ஆண்டு 'எய்ன்ட் நத்திங் லைக் த ரியல் திங்' ஆர் அண்ட் பி-யில் முதலிடம். 'யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை' அதே முதலிடத்தில் ஐந்து வாரம்.

இதற்கிடையில், 1967 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரி மேடையில் டாமி மயங்கி மார்வின் கையில் சாய்ந்தார். மூளையில் கட்டி. பல அறுவை சிகிச்சைகள் நடந்தும் 1970 மார்ச் 16இல், 24 வயதில் காலமானார்.

நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1969இல் வந்த மார்வின்-டாமி ஜோடியின் 'ஈஸி' ஆல்பத்தில் பாடியது டாமி இல்லை, வேலரி சிம்ப்சன்தான் என்று ஒரு பேச்சு உண்டு. தான் பாடியது வழிகாட்டிக் குரல் மட்டுமே, அதன்மேல் டாமிதான் பாடினார் என்று வேலரி மறுத்திருக்கிறார். அந்த வேலரியும் நிக்கும் 1974இல் கல்யாணம் செய்துகொண்டு தாங்களே பாடும் ஜோடியானார்கள். 1984இல் 'சாலிட்' பாட்டு ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர்களைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும். வணக்கம்.