என் கடைப் பெயரில் எவனோ அனுப்பிய மெயில்

வணக்கம் மக்களே. இன்று பாம்பன் பாலத்தடியில் வீடியோ எடுப்பதாகச் சொல்லியிருந்தேன், போகவில்லை. மூன்று நாளாக மெயிலோடு மல்லுக்கட்டினேன். இன்று காலைதான் வழிக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுக்கு ஈரச்சாக்கு சுற்றிக்கொண்டிருக்கிறேன், போன் விடாமல் அதிர்கிறது. பார்த்தால், ‘உங்கள் மெயில் போய்ச் சேரவில்லை’ என்று 400 சொச்சம் பவுன்ஸ். நான் ஒன்றுகூட அனுப்பவில்லை! எவனோ என் டொமைனை, அதாவது மெயில் விலாசத்தில் @-க்குப் பின்னால் வரும் கடைப் பெயரைப் போட்டு லோன் விளம்பரம் அனுப்பியிருக்கிறான். மதுரை அக்கா ஒருவர், நம்மிடம் எப்போதும் நாற்று வாங்குகிறவர், போன் போட்டு, "தம்பி, நீங்க எப்போ லோன் குடுக்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது எனக்கு. ஆறு வருஷமாகச் சேர்த்த பெயர் அது.

முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். அதில் பலனில்லை, ஏனென்றால் யாரும் உள்ளே நுழையவே இல்லை. 1982இல் எழுதிய மெயில் விதியில், அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்க வழியே கிடையாது. தபால் கவரின் பின்பக்கம் யார் விலாசத்தையும் எழுதலாம் இல்லையா, அப்படித்தான்.

இதைச் சரிசெய்ய ஒருவர் 6,000 ரூபாய் கேட்டார். ஆறாயிரம்! டொமைன் செட்டிங்கில் சில டெக்ஸ்ட் வரிகள் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் காசே கிடையாது. அந்தக் காசில் எத்தனை கட்டு நாற்று அனுப்பலாம் சொல்லுங்கள்.

அந்த வரிகளில் ஒன்று எஸ்பிஎஃப் (SPF). எந்த சர்வர், அதாவது மெயில் அனுப்பும் கம்ப்யூட்டர், என் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது அது. ஆனால் அது பார்ப்பது கவர் விலாசத்தை மட்டும், அதாவது சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும், பவுன்ஸ் திரும்பிப் போகிற விலாசம். படிக்கிறவர் கண்ணில் படும் ஃப்ரம் விலாசத்தோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது இன்னொரு வரி, டிமார்க் (DMARC). பொருந்தாத மெயிலை என்ன செய்யலாம் என்றும் அதில் நாமே சொல்லலாம். முதலில் ‘நன்’ (none) போட்டேன், அதாவது எதையும் தடுக்காமல் ரிப்போர்ட் மட்டும் வரும்.

அந்த ரிப்போர்ட்டில்தான் மாட்டியது. திருட்டு மெயிலோடு என் சொந்த பில் மெயிலும் ஃபெயில்! ஒரு நாள் முழுக்க மண்டை காய்ந்தது. இரவு பதினொன்றரைக்கு செட்டிங்கை வரிவரியாகப் படிக்கிறேன், எஸ்பிஎஃப் இரண்டு இருக்கிறது. என் மெயிலை நடத்தும் ஹோஸ்டிங்காரர்கள் போட்டது ஒன்று, என் பெயரில் பில் மெயில் அனுப்பும் சர்வீஸுக்காக நான் போன வருஷம் சேர்த்தது ஒன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியாக இணைத்தேன், காலையில் பாஸ். மொட்டைமாடியில் நின்று கத்தியே விட்டேன்.

அட, டிகிமை (DKIM) விட்டுவிட்டேன். மெயில் கிளம்பும்போதே போடுகிற டிஜிட்டல் கையெழுத்து அது. ஒருவர் மெயிலை ஃபார்வர்டு செய்தால் எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடைந்துவிடும், மெயிலில் எதையும் மாற்றாதவரை கையெழுத்து நிற்கும். அதனால் அதையும் போட்டுவிடுங்கள்.

இப்போது டிமார்க்கில் ‘குவாரன்டைன்’ வைத்திருக்கிறேன், திருட்டு மெயில் ஸ்பாமுக்குப் போகும். இரண்டு வாரம் ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் ‘ரிஜெக்ட்’, அதாவது வாங்காமலே திருப்பிவிடச் சொல்வது. பவுன்ஸ் உடனே நிற்காது, டிமார்க்கைப் பார்க்காத சர்வர்களும் இருக்கின்றன. வந்தால் அழியுங்கள், பதில் போடாதீர்கள்.

மதுரை அக்காவுக்கு போன் செய்து விளக்கிவிட்டேன். இருபது நாற்று சொல்லியிருக்கிறார், கட்டப் போகிறேன்.