கடன் வாங்கித்தான் பெயர் வாங்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்காவில் ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தொடும் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒருபுறம். மதிப்பெண்ணைப் பார்த்து உதவித்தொகை தரும் மாநிலப் பல்கலைக்கழகம் மறுபுறம். இரண்டாவதைத் தேர்வதே அறிவுடைமை என்பது எங்கள் கட்சி.

"ஹார்வர்டும் உதவி செய்கிறதே" என்றார் எதிரணித் தலைவர். செய்கிறது, ஆனால் ஹார்வர்டை உள்ளடக்கிய 'ஐவி லீக்' என்ற புகழ்பெற்ற குழுவின் 8 பல்கலைக்கழகங்களும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவுகின்றனவே தவிர, மதிப்பெண்ணுக்காக ஒரு டாலரும் தருவதில்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை அங்கே தாராளமாகப் போகட்டும், அதில் எங்களுக்கு வழக்கில்லை. உதவி கிடைக்காத அளவுக்குச் சம்பாதித்தும், முழுத் தொகையையும் கட்ட வழியில்லாத நடுத்தரக் குடும்பத்துக்காகவே நான் பேசுகிறேன்.

அந்த வீட்டுக்கு வரும் நிதியுதவிக் கடிதத்தைச் சற்றே பிரித்துப் பாருங்கள். சில கல்லூரிகளின் கடிதத்தில், திருப்பித் தரவேண்டாத மானியமும் வட்டியோடு கட்டவேண்டிய கடனும் 'உதவி' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து நிற்கும். இரண்டையும் கழித்தபின் கடைசி வரியில் மிஞ்சும் சிறிய தொகையைக் கண்டு பெற்றோர் பெருமூச்சு விடுவார்கள். (கடனை வரவில் வைக்கும் கணக்கை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரோ!) பெற்றோரைச் சார்ந்த மாணவர் முதலாண்டில் தம் பெயரில் பெறக்கூடிய அரசுக் கடன் 5,500 டாலர்தான் என்பதால், மிச்சம் பெரும்பாலும் தாய் தந்தையர் தலையில் விழுகிறது, திவாலானாலும் எளிதில் தீராத கடன் அது.

"பிற்காலச் சம்பளம் ஈடுகட்டிவிடும்" என்பது எதிரணியின் அடுத்த வாதம். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரேவிதமான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டபோது, இடம் கிடைப்பது அரிதான கல்லூரியில் படித்தவரும் வேறிடம் சென்றவரும் சராசரியில் ஏறத்தாழ ஒரே வருமானமே ஈட்டினர். ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. 2023இல் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினரும் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றமில்லை என்றே கண்டனர். வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீதத்தை எட்டும் வாய்ப்பு கூடுகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். எதிரணி எடுத்துக்கொடுக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வாய்ப்புக்காகப் பெற்றோரின் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பணயம் வைப்பதா?

மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகை பறிபோகும் என்கிறார்கள் எதிரணியினர். உண்மைதான், பல இடங்களில் 4க்கு 3 என்ற சராசரியைக் காப்பாற்ற வேண்டும். ஐவி லீக்கில் இடம்பிடிக்கும் அளவுக்குப் படித்த பிள்ளைக்கு அது எட்டாத உயரமா என்பதை நடுவர் அவர்களே தீர்மானிக்கட்டும். நன்றி, வணக்கம்.