பென்டிரைவ் ஏன் கழற்ற விடுவதில்லை?

[திரையில்: நகல் பட்டை 100 சதவீதம். கீழே ‘பாதுகாப்பாக நீக்கு’ சுற்றிக்கொண்டே இருக்கிறது.]

ஒன்றரை ஜிபி கோப்பு. சில நொடிகளில் நகல் முடிந்துவிட்டது என்கிறது லினக்ஸ். பென்டிரைவைக் கழற்றப் போனால் நிமிடக்கணக்கில் காக்க வைக்கிறது. பட்டை பொய் சொல்லவில்லை. கோப்பு போய்ச் சேர்ந்திருப்பது நினைவகத்துக்கு, அவ்வளவுதான்.

[திரையில்: 4 கேபி கட்டங்கள். ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன.]

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், நினைவகத்தை 4 கேபி ‘பக்கங்களாக’ப் பிரித்துக் கையாள்கிறது. எழுதப்பட்டும் இன்னும் வட்டுக்கு (இங்கே பென்டிரைவுக்கு) போகாத பக்கத்தை ‘அழுக்குப் பக்கம்’ என்பார்கள். இடம் தேவைப்பட்டால் சுத்தமான பக்கத்தைக் கெர்னல் அந்தக் கணமே விட்டுவிடலாம். அதன் பிரதி வட்டில் இருக்கிறது. அழுக்குப் பக்கத்தை அப்படி விட முடியாது. முதலில் வட்டில் எழுதியாக வேண்டும். அழுக்கு பெருகிவிட்டால், நினைவகத்தை மீட்கும் கெர்னல் இழையான ‘கேஸ்வாப்டி’ வட்டின் வேகத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

அதனால்தான் வரம்புகள். எடுத்தாளக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதம் அழுக்கானால் பின்னணியில் எழுதும் இழைகள் விழித்துக்கொள்கின்றன. 20 சதவீதம் உச்சவரம்பு. அதை எட்டும் முன்பே, எழுதிக் குவிக்கும் நிரலைக் கெர்னல் தூங்க வைக்கிறது.

இந்தத் தூக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்பெல்லாம் வரம்பு மீறிய நிரலையே வட்டில் எழுதவும் வைத்தார்கள். பத்து நிரல்கள் பத்து இடங்களில் எழுத, வட்டின் முனை அங்குமிங்கும் ஓடியே களைத்தது. 2012 ஜனவரியில் வந்த கெர்னலின் 3.2 பதிப்பில், நிரலாளர் வூ ஃபெங்குவாங்கின் மாற்றம் சேர்ந்தது: நிரல் எழுத வேண்டாம், தூங்கினால் போதும். எவ்வளவு நேரம் என்பதை, வட்டு எழுதும் வேகத்தை அளந்து கெர்னல் முடிவுசெய்கிறது.

பிறகு ஏன் இந்தத் தொல்லை? சதவீதக் கணக்குதான் காரணம். தூக்கம் தொடங்குவது 10-க்கும் 20-க்கும் நடுவே, 15 சதவீதத்தில். எடுத்தாளக்கூடிய நினைவகம் 12 ஜிபி என்றால் அது 1.8 ஜிபி. ஏறத்தாழ அதுவரை தடையே இல்லை. உங்கள் கோப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. நொடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு அந்தக் கோப்பு இரண்டரை நிமிட வேலை. வேகமான எஸ்எஸ்டிக்கு இந்த வரம்பு பொருந்தும். பென்டிரைவுக்கு மிக அதிகம். சதவீதத்தை விட்டுவிட்டு, ‘டர்ட்டி பைட்ஸ்’ அமைப்பில் சில நூறு எம்பி என்று நேரடியாகக் குறிப்பதே என் வழக்கம்.

[திரையில்: ‘மெம்இன்ஃபோ’ கோப்பின் ‘டர்ட்டி’, ‘ரைட்பேக்’ வரிகள். எண்கள் இறங்குகின்றன.]

‘டர்ட்டி’ என்பது காத்திருக்கும் அழுக்கு. ‘ரைட்பேக்’ என்பது இப்போது எழுதப்படுவது. இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி வரட்டும், ‘பாதுகாப்பாக நீக்கு’ முடியட்டும். இப்போது கழற்றுங்கள்.