பினாங்கு என்ற பெயருக்கு 24 பைட்

வணக்கம் நேயர்களே.

1998ஆம் ஆண்டுத் தைப்பூசத்துக்கு, நம் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து தண்ணீர்ப் பந்தல் போட்டோம். நன்கொடைப் பட்டியலைக் கணினியில் தட்டியவன் நான்தான். கணினி மாற்றும்போதெல்லாம் அந்தக் கோப்பையும் மறக்காமல் நகலெடுத்து வந்தேன். போன மாதம் திறந்து பார்த்தால் 51, 101 என்று தொகைகள் பளிச்சென்று நிற்கின்றன. பெயர்கள் இருந்த இடத்தில் மட்டும், தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்துகள். பணம் இருக்கிறது, ஆளைக் காணோம்!

கோப்பு கெட்டுப்போகவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வானொலியில் கரும்பலகை கிடையாது. அதனால் உங்கள் இரண்டு கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். பினாங்குப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சும்மா கேட்டால் போதும். கட்டைவிரல்களை விட்டுவிடுவோம். வலது சுண்டுவிரலுக்கு 1, அடுத்ததற்கு 2, பிறகு 4, 8. இடது கை ஆள்காட்டி விரலில் 16, அப்படியே 32, 64, இடது சுண்டுவிரலுக்கு 128. இப்போது வலது சுண்டுவிரலையும் இடது மோதிர விரலையும் மட்டும் தூக்குங்கள். ஒன்றும் அறுபத்து நான்கும், 65. ஒரு விரல் ஒரு பிட், எட்டு விரல் ஒரு பைட். எல்லாம் மடங்கினால் சுழியம், எல்லாம் எழுந்தால் 255. ஆக 256 விதம்.

விரலைப் பாதி தூக்கக் கூடாதா? கூடாது. சூட்டிலும் இரைச்சலிலும் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை இருந்தால்தான் அந்தச் சலசலப்பிலும் குழப்பம் வராது.

சரி, 65 என்றால் என்ன? ஒரு கோப்பில் அது ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து. இன்னொன்றில் ஒருவர் வயது. படக்கோப்பில் ஒரு சாம்பல் நிறம். பிட்டுக்கு அது தெரியாது, படிக்கிற மென்பொருள்தான் முடிவு செய்கிறது.

என் பட்டியல் மாட்டிக்கொண்டது இங்கேதான். அந்த 256 இருக்கைகளில் முதல் பாதியில் ஆங்கில எழுத்தும் எண்களும் உட்கார்ந்துவிட்டன. மேல்பாதியில் தமிழை உட்கார வைத்தார்கள், ஆனால் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு வரிசை. எண்கள் இடம் மாறவில்லை, அதனால் 51 பிழைத்தது. பெயர்களைப் புதுக் கணினி வேறு வரிசையை வைத்துப் படித்துவிட்டது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் பொதுப் பட்டியல்தான் யூனிகோடு. அதில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்தது. அதில் அகரத்தின் எண் 2949. எட்டு விரலில் அடங்காது அல்லவா? இன்று பரவலாக உள்ள முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ‘பினாங்கு’ என்று எழுதினால் நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு பகரம், இகரக் கொக்கி, னகரம், துணைக்கால், ஙகரம், புள்ளி, ககரம், உகரக் குறி என்று எட்டு. எட்டு மூன்று இருபத்து நான்கு பைட்.

இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே முதல் ஆலையைத் திறந்தது நம் பினாங்கில்தான், 1972இல். அந்தக் காலத்தில் அவர்களுடைய பேர்போன நினைவகச் சில்லில் மொத்தம் 1,024 பிட். துளித்துளி மின்னேற்றமாக 128 பைட். நம் ஊர்ப் பெயரை அதில் ஐந்து தடவை எழுதலாம், ஆறாவது தடவைக்கு இடம் பற்றாது.

அப்புறம் என் பட்டியல்? பழைய எழுத்துருவை ஒரு நண்பர் வைத்திருந்தார். அதை ஏற்றியதும் பெயர்கள் அத்தனையும் திரும்பி வந்தன, நான் அன்றைக்குச் செய்த எழுத்துப்பிழைகளோடு. மூன்றாவது வரியில் என் அப்பா, 51 வெள்ளி.