ஃப்ரீசரில் காய்ந்த தோல்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

நமது கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விலங்குகளைப் பாடம் செய்வதும், அதாவது செத்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி உயிரோடு இருப்பதுபோல் நிறுத்திவைப்பதும், என் வேலையாக இருந்தது. 1956 வரை நாம் திருவிதாங்கூரில் இருந்தவர்கள். என் தலைமுறையில் பலர் பாடம் செய்த விலங்கை முதன்முதலாகப் பார்த்தது திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தில்தான். சிறுவனாக அங்கே நின்ற நாளில் பிடித்த ஆசை இன்னும் என்னை விடவில்லை.

2018-இல் திருவட்டாறு பக்கத்து விவசாயி ஒருவர், இரண்டு தலையோடு செத்துப் பிறந்த ஆட்டுக்குட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார். அன்றே உரித்து, தோலைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். தேர்வு, செய்முறை வகுப்பு என்று வேலை தள்ளிப்போனது. பிறகு கொரோனா வந்து கல்லூரியையே மூடிவிட்டார்கள். மீண்டும் எடுத்தபோது பை ஓரத்தில் கிழிந்திருந்தது. நான்கு காதுகளும் உதடுகளும் வெளுத்து, விறைத்து, தட்டினால் சத்தம் வருகிற அளவுக்குக் காய்ந்திருந்தன.

குளிரில் எப்படிக் காயும் என்று கேட்பீர்கள். ஃப்ரீசருக்குள் பனிக்கட்டி உருகாமலேயே ஆவியாகிறது. தோலில் உள்ள ஈரமும் அப்படித்தான் போகிறது. காற்றுப் படுகிற இடம் முதலில் காயும். காது, இமை, உதடு, விரல் போன்ற மெல்லிய இடங்கள் அதற்கும் முந்திக்கொள்ளும். ஈரம் போன நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. ஆனால் அழுகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். கமுகம்பாளையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பாளையை அப்படியே வளைத்தால் கிழியும். நீரில் ஊறவைத்தால் சொன்னபடி வளையும். தோலுக்கும் அந்தப் பொறுமைதான் வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். நன்றாகக் குளிர்ந்த நீரில், லிட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம் உப்பும், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டும் கலந்தேன். உப்பு நுண்ணுயிர்களை அடக்கும். அந்தச் சொட்டுகள் நீரை நார்களுக்குள் இறங்க வைக்கும். தோலை அதில் அமிழ்த்தி, பாத்திரத்தோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். வெந்நீர் விட்டால் சீக்கிரம் இளகுமே என்று தோன்றும். தயவுசெய்து விடாதீர்கள். காது இளகுவதற்குள் வயிற்றுப் பக்கத்தில் முடி கழன்றுவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, சதைப்பக்கத்துச் சவ்வை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டினேன். நீர் உள்ளே போக அதுதான் வழி. மறுநாள் காலையில் மூன்று காதுகள் மடங்கின. நான்காவதின் நுனி மட்டும் மஞ்சளித்து, எண்ணெய்ச் சிக்கு வாடையோடு அப்படியே நின்றது. கொழுப்பு கெட்டு நார்களையும் கெடுத்துவிட்ட திட்டு எந்த நீரிலும் மீளாது. அதை வெட்டியெடுத்து, கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டுத்தோல் துண்டை வைத்துத் தைத்தேன்.

இளகிய தோலை அதிக நேரம் ஊறவிடக் கூடாது. உடனே சதையும் கொழுப்பும் நீக்கி, தோலின் எடைக்குச் சமமான தூள் உப்பைத் தேய்க்க வேண்டும். நம் புத்தளத்து உப்பளங்களில் கோடையில் பாத்தி நீர் இளஞ்சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களும் அந்த நிறத்துக்குக் காரணம். அவை தோலில் பெருகினால் சிவப்புத் திட்டுகள் விழும். ஆகவே நான் கல்லுப்பைச் சட்டியில் நன்றாக வறுத்துத்தான் பொடிப்பேன். ஒருமுறை பயன்படுத்தியதைத் திரும்பத் தொடமாட்டேன். மறுநாள் ஈரமான உப்பை உதறிவிட்டுப் புதிய உப்பு. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நமது. மழைநாளில் உப்பிட்ட தோல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் இந்த வேலைக்கு உகந்தவை. அதன்பின் வரும் அமிலக் குளியலும் படிகாரமும் தோலைப் பதனிடும் வழக்கமான வேலைகள்.

தொடக்க காலத்தில் ஒரு தவறு செய்தேன். உப்பும் நல்லது, குளிரும் நல்லது என்று எண்ணி, உப்பிட்ட தோலை ஃப்ரீசரில் வைத்தேன். செறிந்த உப்புநீர் உறைய மைனஸ் 21 டிகிரி வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-இல் நிற்கும். தோல் உறையவே இல்லை. உறைய வைப்பதானால் உப்பிடாமல், காதையும் முகத்தையும் ஈரத்துணியால் மூடி, காற்றை வெளியேற்றி, இரட்டைப் பையில் கட்டுங்கள். மேலே தேதி எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பேசுவது ஆடு, முயல், கன்று போன்ற வீட்டு விலங்குகளைப் பற்றி. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மயிலையோ மலையணிலையோ எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை செத்தாலும் அரசின் உடைமை. வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

ஆட்டுக்குட்டியின் தோல் பிழைத்ததற்குக் காரணம், இடையில் அது உருகவில்லை என்பதுதான். அதற்கு முன் ஒரு வெள்ளை முயல்தோலுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபின் மின்சாரம் பல நாள் வரவில்லை. மரம் விழுந்த பாதைகளைத் தாண்டி மூன்றாம் நாள் ஆய்வகத்துக்குப் போனேன். ஃப்ரீசரைத் திறந்தபோது தோல் இளகியிருந்தாலும் குளிர்ச்சி போகவில்லை. மடிப்புக்குள் பனித்துகள்கூட இருந்தது. அப்போதே உப்பிட்டிருக்க வேண்டும். மின்சாரம் வந்தால் மறுபடி உறைந்துவிடும் என்று நம்பி மூடிவைத்தேன். அடுத்த வாரம் உறைந்த தோலை எடுத்து இளக்கி, வயிற்றுப் பக்கத்து முடியை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். மேல்தோலோடு சேர்ந்து கொத்தாகக் கையில் வந்தது.

நன்றி, வணக்கம்.