நாலு ஜிபி வாங்கி மூணே கால் பார்த்த கதை

(எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இரண்டு கல்யாண வரவேற்புகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்றைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் போட்டித் தேர்வுத் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த நூலகர் அம்மாவுக்குத் தனி வணக்கம். வீட்டில் ஏற்கெனவே பதினோரு பொன்னாடை கிடக்கிறது. ஜன்னல் திரைக்குக்கூட ஆகவில்லை.

நோட்டீசில் 'கணினியின் நினைவக எல்லைகள்' என்று போட்டிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். எல்லை ஏன் வருகிறது என்பது ஒன்று. இல்லாத இடத்தை இருப்பதுபோல, கணினியை நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படிக் காட்டுகிறது என்பது இரண்டு. இடம் சுத்தமாகத் தீர்ந்துபோனால் யாரைப் பலி கொடுக்கிறது என்பது மூன்று. நான் அடுத்து என்ன பழமொழி சொல்வேன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.' போன தடவை குடிநீரைப் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். கணினிக்கும் இதுதான் பொருந்துகிறது, நான் என்ன செய்ய?

1981-ல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதன் சிப்பில் முகவரிக்கென்று 20 கம்பிகள். ஒரு கம்பிக்கு இரண்டு நிலை. இரண்டை இருபது தடவை பெருக்கினால் 10,48,576. (ஐயா தலையை ஆட்டுகிறார், சரிதான் போலிருக்கிறது.) அத்தனை பைட்டுக்குத்தான் கதவு எண் போட முடியும். அதாவது ஒரு எம்பி. அதிலும் திரைக்கும் மற்ற சாமான்களுக்கும் ஒதுக்கியதுபோக, நிரல்களுக்கு, அதாவது புரோகிராம்களுக்கு, மிஞ்சியது 640 கேபி. '640 கேபி யாருக்கும் போதும்' என்று மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை சுற்றுகிறது. அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்திருக்கிறார். அவரை விடுவோம். என் மச்சான் கதைக்கு வருகிறேன்.

மச்சான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. பிளெக்ஸ் வந்த புதிதில் வேலை குவிந்தது. இருபது அடி பேனரில் ஐம்பது பேர் தலையை வெட்டி ஒட்டுவதற்குள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். 'ரேம் ஏத்துங்க' என்று யாரோ சொல்ல (வேலை நடக்கும்போது தகவல் தங்கும் நினைவகம்தான் ரேம்), டவுனுக்குப் போய் 2 ஜிபி கார்டு இரண்டு வாங்கி வந்து மாட்டினார். இரண்டும் இரண்டும் நாலு. மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து பார்த்தால் 3.25 ஜிபி என்று காட்டுகிறது.

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. 'நாலு கிலோ அரிசிக்குக் காசு வாங்கிட்டு மூணே கால் கிலோ போட்டிருக்கான்!' என்னையும் கூப்பிட்டார், பக்கத்து டீக்கடைக்காரரையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டார். சிபியுவை ஒரு சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். கடைக்காரர் பாவம், கார்டைக் கழற்றி ஸ்டிக்கரைக் காட்டுகிறார், 2 ஜிபி என்று அச்சடித்திருக்கிறது. 'ஸ்டிக்கர் நானும்தான் அடிப்பேன், என் தொழிலே அதுதான்' என்கிறார் மச்சான். வேறு இரண்டு கார்டு மாட்டிப் பார்த்தார்கள். அதே 3.25. மூன்றாவது ஜோடி. அதே 3.25. டீக்கடைக்காரர் என் காதில் மெதுவாகச் சொன்னார்: 'எல்லாக் கார்டும் ஒரே அளவு திருடுதுன்னா, திருடன் கார்டுல இல்லீங்க.' அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த ஒரே அறிவாளி அவர்தான்.

கடையில் வேலை பார்த்த பாலிடெக்னிக் பையன் ஒருவன் கடைசியில் வாயைத் திறந்தான். 'அண்ணே, இது 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி. இரண்டை முப்பத்திரண்டு தடவை பெருக்கணும். இதுக்கு மொத்தமே 429 கோடிச் சொச்சம் கதவு எண்தான், அதாவது நாலு ஜிபி. அதே தெருவுலதான் கிராபிக்ஸ் கார்டும் குடியிருக்கு, நெட்வொர்க் கார்டும் குடியிருக்கு. அவங்களுக்கு எண் கொடுத்தது போகத்தான் ரேமுக்கு. மிச்ச முக்கால் ஜிபி உள்ளே இருக்கு, ஆனா கதவு எண் இல்ல. தபால்காரர் போக மாட்டார்.'

அப்புறம் அவன் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. 'சிப்பு 64 பிட்டுதாண்ணே. மேலே ஏத்தியிருக்கறதுதான் 32.' விண்டோஸைப் போல இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸின் 64 பிட் பதிப்பு ஒன்றை ஒரு சிடியிலிருந்து ஓட்டிக் காட்டினான். 3.8 ஜிபி என்று வந்தது. (அந்த மதர்போர்டு இடம் கொடுத்தது. எல்லா போர்டும் கொடுக்காது.) மீதி 0.2 எங்கே என்று மச்சான் திரும்பவும் ஆரம்பித்தார். உள்ளேயே பதித்த கிராபிக்ஸும் லினக்ஸின் கருப்பகுதியும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டன என்று விளக்கி, கூட்டிக்கொண்டு வருவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.

இன்னொரு சேதி. 32 பிட் சிப்பே நாலு ஜிபியைத் தாண்டும் வழி 1995-ல் பென்டியம் புரோவோடு வந்துவிட்டது: 36 முகவரிக் கம்பி, 64 ஜிபி வரை. 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003-ன் எண்டர்பிரைஸ் பதிப்பு அதைப் பயன்படுத்தியது. வீட்டு எக்ஸ்பியில் மைக்ரோசாஃப்ட்காரர்கள் நாலோடு நிறுத்திவிட்டார்கள். கிராபிக்ஸ் கார்டு மாதிரி சாமான்களை இயக்கும் 'டிரைவர்' நிரல்கள் பல அதற்கு மேல் முகவரி வந்தால் குழம்பின என்பது காரணம், நியாயமான காரணம்தான். 2009-ல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கு 2 ஜிபி, ஹோம் பேசிக் 64 பிட்டுக்கு 8, ஹோம் பிரீமியம் 64 பிட்டுக்கு 16 என்று வைத்தார்களே, அதற்கு எந்த டிரைவர் காரணம்? அது சிப்பின் எல்லை இல்லை, விலைப்பட்டியலின் எல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். படியை யார் கையில் வைத்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

சரி, இரண்டாவது விஷயம். நூலகத்திலேயே நிற்பதால் உதாரணம் தேடிப் போக வேண்டாம். அந்த வாசிப்பு மேஜைதான் ரேம். பின்னால் இருக்கும் அலமாரிகள் ஹார்ட் டிஸ்க். மேஜையில் பத்துப் புத்தகம்தான் கொள்ளும். பதினோராவது கேட்டால் நூலகர் அம்மா யாரும் தொடாமல் கிடக்கும் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு இதைக் கொண்டுவருவார். உங்களுக்கு மட்டும் மொத்த நூலகமும் மேஜையில் இருப்பதுபோலத் தோன்றும். இந்த வித்தையை முதலில் செய்துகாட்டியது 1962-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி. டாம் கில்பர்ன் குழு. உள்ளே 16,384 சொற்களுக்குத்தான் இடம் (சொல் என்றால் கணினி ஒரே மூச்சில் கையாளும் அளவு), சுழலும் டிரம்மில் 98,304. இரண்டையும் ஒரே நினைவகம்போலக் காட்டினார்கள். 512 சொல்லை ஒரு 'பக்கம்' என்று பிரித்தார்கள். இன்றைக்கு உங்கள் கணினியிலும் அதே பக்கம்தான், பெரும்பாலும் 4,096 பைட்.

ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஐந்து புத்தகம் கேட்டால்? அம்மா எடுத்த புத்தகத்தை யாரும் திறப்பதற்குள் திருப்பி வைத்து, அதையே மறுபடி எடுக்க ஓடுவார். நடை மட்டும் நடக்கும், படிப்பு நடக்காது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் மின்ன, மவுஸ் அசையாமல் நிற்குமே, அதுதான் இது. ஒரு நிரலுக்கு இப்போதைக்கு எத்தனை பக்கம் உண்மையில் தேவையோ அது மேஜையில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆளைக் குறை என்று பீட்டர் டென்னிங் 1968-ல் எழுதினார். அளந்து போடு என்பதைத்தான் அவர் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்.

லினக்ஸில் இன்னொரு நல்ல வழி உண்டு. ஓரமாகக் கிடக்கும் பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே நசுக்கி மடித்து வைப்பது. ஜீரேம் என்று பெயர். 2 ஜிபி கணினிக்கு உயிர் கொடுப்பது அதுதான். இங்கேதான் என் கோரிக்கைக்கு வருகிறேன். செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார், மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. இடம் தீர்ந்தால் ஏதாவது ஒரு நிரலை முடித்துவைக்க லினக்ஸ் ஒரு கொலையாளியையே வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி விடுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட்காரர்களே சொல்கிறார்கள். ஆனால் 8 ஜிபி இருந்தாலும் சிப் பழசு என்றால் சேர்ப்பதில்லை. அந்தக் கணினிகள் எங்கே போகும்? எடைக்கு. 2011-லிருந்து அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் இந்த ஊரில் எத்தனை பரணில் தூங்குகின்றன? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, தலைவர் அம்மா? முன்வரிசையிலேயே மூன்று.

எடைக்குப் போடாதீர்கள். இங்கே கொண்டுவாருங்கள். எளிய லினக்ஸ் ஒன்றை ஏற்றித் தருகிறோம். இருபது டேப் திறந்து வீடியோ பார்க்க ஆகாது, பொய் சொல்ல மாட்டேன். தமிழில் தட்டச்சு செய்ய, பழைய வினாத்தாளைப் பார்க்க, விண்ணப்பம் போட, பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு அது போதும். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார வேண்டாம். உங்கள் படங்களையும் கோப்புகளையும் முதலில் எடுத்துவிடுங்கள், டிஸ்க்கை நாங்கள் துடைத்துத்தான் ஏற்றுவோம். பேரூராட்சித் தலைவர் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்தச் சுவரில் நாலு பிளக் பாயின்ட். வாசலில் நோட்டு இருக்கிறது, போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

மேஜையில் துணி மூடியிருப்பது என்ன என்று தம்பி ஒருவன் வந்ததிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறான். மச்சானின் அதே சிபியுதான். கடையை மூடியபோது கொடுத்துவிட்டார், அதே இரண்டு கார்டோடு. நூலகர் அம்மா, சுவிட்சைப் போடுங்கள். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் டீ வந்துவிடும்.