ஒரு மூட்டை மிளகும் ஒரு சான்றிதழும்

நேயர்களுக்கு வணக்கம். இரு நாடுகள் வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது தலைவர்கள் கையொப்பமிடும் காட்சிதான் செய்தியாகிறது. ஆனால் வணிகருக்கும் விவசாயிக்கும் அதனால் என்ன நேரும் என்பதை அதன் பின்னிணைப்புகளே தீர்மானிக்கின்றன. இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் 1998 டிசம்பர் 28 அன்று புதுதில்லியில் கையொப்பமிட, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தமே இதற்குத் தக்க சான்று.

சுங்கவரியை நீக்க இந்தியாவுக்கு 3 ஆண்டுகளும் இலங்கைக்கு 8 ஆண்டுகளும் தரப்பட்டன. சலுகைக்கு உட்படாத பொருள்களாக இலங்கை 1,180 இனங்களையும் இந்தியா 429 இனங்களையும் ஒதுக்கின. சிறிய நாட்டுக்குக் கூடுதல் அவகாசமும் கூடுதல் காப்பும் கிடைத்தது நியாயமே. ஆனால் வரிச்சலுகை பெறும் இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என உச்சவரம்பு விதித்து, அதுவும் குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வரவேண்டும் என்று தொடக்கத்தில் நிபந்தனை வைத்தது, அந்தத் தாராளத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது.

மிளகை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்தில் சாக்கைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்க்கும் அதிகாரிக்கு, அது இலங்கையின் மாத்தளையில் விளைந்ததா, வியட்நாமிலிருந்து கொழும்பு வழியாக வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். வரிச்சலுகையோ இலங்கையில் விளைந்ததற்குத்தான். ஆகவேதான் அது எங்கே விளைந்தது என்பதற்கான பிறப்பிடச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழின்மேல் நம்பிக்கை குறைந்து, வியட்நாம் மிளகு இலங்கை மிளகாக உள்ளே வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் முறையிட்ட நிலையில், இந்திய அரசு 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது; அதற்குக் குறைந்த விலையில் மிளகு உள்ளே வர முடியாது. விவசாயிகளின் கவலை உண்மையானது. ஆனால் அந்த விலை, நேர்மையாக விளைவித்த மாத்தளை விவசாயியின் மிளகுக்கும் சேர்த்தே தடையானது.

வனஸ்பதியின் கதை வேறு. அது வேறு நாடுகளிலிருந்து வாங்கும் பாமாயிலைக் கொண்டு செய்யப்பட்டது. பாமாயிலுக்கு இந்தியாவில் உயர்ந்த வரி, இலங்கையில் குறைந்த வரி. அந்த வேறுபாட்டை நம்பி இலங்கையில் ஆலைகள் எழுந்தன. இந்திய உற்பத்தியாளர்கள் எதிர்த்ததும் ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு வந்தது. 2008இல் இந்தியா கச்சா பாமாயிலின் வரியை நீக்கியபோது அந்த ஆலைகளுக்கு இருந்த ஆதாயமே போய்விட்டது. மூன்றாம் நாட்டுச் சரக்கின் வரி வேறுபாட்டில் நிற்கும் தொழில், அண்டை நாட்டின் ஒரே அறிவிப்பில் சாய்ந்துவிடும் என்பதை ஒப்பந்தத்தை வரைந்தவர்கள் முன்பே கணித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதே இரு நாடுகளுக்கிடையே பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தத்துக்கான பேச்சு 2016இல் தொடங்கி, 2018க்குப் பின் தேங்கி, 2023இல் மீண்டும் எடுக்கப்பட்டது. அந்த மேசையில் அமர்வோரிடம் நான் கேட்பது இதுதான்: பிறப்பிடச் சான்றிதழை ஐயுறும் சுங்கத்துறை எத்தனை நாளில் விடை சொல்ல வேண்டும், அதுவரை அந்த மூட்டை யார் பொறுப்பில் கிடக்கும், கெட்டுப்போனால் இழப்பை யார் ஏற்பது என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள்.